ஆபரேஷன் தேதி வாங்கும் முன்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

மார்பில் இருக்கும் கட்டி கேன்சர்தான் என்று தெரிந்ததும் எல்லோர் வாயிலிருந்தும் வரும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போ?" என்பதுதான். எங்கள் ஊர் நர்சிங் ஹோமிலும் அதே வேகம். "நாளைக்கே அட்மிட் ஆகிடுங்கம்மா, மொத்தமா எடுத்துடலாம்" என்று சொல்லி முன்பணமும் கட்டச் சொன்னார்கள். பயந்து போயிருக்கும் மனசுக்கு அந்த வேகம் ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் மார்பகப் புற்றுநோயில் எந்தச் சிகிச்சை முதலில் என்பது கட்டியின் வகையைப் பொறுத்தது. சிலருக்கு ஆபரேஷன் முதலில், சிலருக்குக் கீமோ முதலில். இந்த வரிசை மாறிவிட்டால் பிறகு திருத்த முடியாது. வகை தெரிந்துகொள்ள இரண்டு மூன்று வாரம் ஆனாலும் குடி முழுகிவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும், நடுவில் லேகியம், முள்சீத்தாப்பழம் என்று அலைவதும்தான் ஆபத்து. நர்சிங் ஹோமில் கட்டிய முன்பணம் திரும்ப வரவில்லை. போகட்டும். அங்கே கத்தி வைக்காமல் வந்ததில் மிஞ்சியது அதைவிடப் பல மடங்கு.

முதலில் பயாப்ஸி. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை கேன்சரா இல்லையா என்பதைச் சொல்லலாம்; சிகிச்சையைத் தீர்மானிக்க அது போதாது. வேண்டியது ட்ரூ-கட் எனப்படும் கோர் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் 14 கேஜ் ஊசியால் நூல் நூலாக நாலைந்து சதைத் துண்டுகள் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் 'டப்' என்று சத்தம் கேட்கும். வலியைவிட அந்தச் சத்தம்தான் தூக்கிவாரிப் போடும். மேமோகிராம் எடுக்கவில்லையென்றால் பயாப்ஸிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊசி குத்தின பிறகு உள்ளே ரத்தம் கட்டிப் படம் குழம்பும். "ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்" என்று சொந்தக்காரர்கள் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயாப்ஸியே வேண்டாம் என்று நேரே கட்டியை வெட்டி எடுப்பதுதான் நிஜமான சேதம்: ஓரத்தில் நோய் தங்கும், தழும்பு தப்பான இடத்தில் விழும், இரண்டாவது ஆபரேஷனில் அதிகச் சதை போகும்.

எடுத்த சதையை எதில் போடுகிறார்கள் என்று பாருங்கள். 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் உடனே போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் இருக்கலாம். சின்ன ஊர்களில் சனிக்கிழமை சாயங்காலம் எடுத்த சாம்பிள் லேப்காரர் வரும்வரை கிடக்கும். சலைனில் கிடந்தாலோ ஃபார்மலினில் அளவுக்கு மீறி ஊறினாலோ ஹார்மோன் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். அப்படிக் காட்டினால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய ஒரு நல்ல மாத்திரையே கைவிட்டுப் போகும். வாரத் தொடக்கத்தில் பயாப்ஸி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, சதையில் சாயமேற்றி எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்க்கும் ஐ.ஹெச்.சி. ரிப்போர்ட். சிகிச்சையின் ஜாதகமே இதுதான். ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரி ஹார்மோனைப் பற்றியது. ஈ.ஆர். ஒரு சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ் கணக்கில் வரும். 1 முதல் 10 வரை இருந்தால் 'லோ பாசிட்டிவ்' என்று தனியாக யோசிப்பார்கள். மூன்றாவது வரி, கட்டியை வேகமாக வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதத்தைப் பற்றியது. அது 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டும் இல்லை. ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். எனக்கு வந்தது 2+. ரிப்போர்ட் கொடுத்த இடத்தில் "கிட்டத்தட்ட நெகட்டிவ் மாதிரிதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஃபிஷ் செய்யச் சொன்னார்கள். தனியாகப் பணம், தனியாகக் காத்திருப்பு, தூக்கம் வராத இரவுகள். வந்த பதில் பாசிட்டிவ். அந்தச் சோதனை நடக்காமல் போயிருந்தால் ஹெர்-2வுக்கென்றே இருக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்து என் சிகிச்சையில் இருந்தே இருக்காது. 2+ என்று பார்த்தால் ஃபிஷ் இல்லாமல் எந்தச் சிகிச்சைக்கும் தலையாட்டாதீர்கள்.

லேபிலிருந்து ரிப்போர்ட்டோடு பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள். பிளாக் என்பது உங்கள் சதையை மெழுகில் பதித்த சின்னக் கட்டி. வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி சோதிக்க, ஃபிஷ் செய்ய, பின்னால் மரபணுச் சோதனைக்கு அனுப்ப எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஸ்கேன் விஷயத்தில் பணம் வீணாவது சகஜம். சின்னக் கட்டி, அக்குளில் நெறி (வீங்கிய நிணநீர் முடிச்சு) இல்லை, வேறு தொந்தரவும் இல்லை என்றால், நோய் உடம்பில் எங்கேயாவது பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் நோய் இருந்தாலோ, எலும்பு வலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ எடுக்கத்தான் வேண்டும். "இந்த ஸ்கேன் ரிசல்ட்டைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா டாக்டர்?" என்று கேளுங்கள். மாறாது என்றால் எதற்கு எடுக்கிறோம்?

இரண்டாவது கருத்து கேட்பது டாக்டரை அவமதிப்பதாக நம் ஊரில் ஒரு கூச்சம் இருக்கிறது. நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கேட்க வேண்டியது, "என் கேஸை ட்யூமர் போர்டில் வைப்பீங்களா?" என்பது. சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் டாக்டர், சதையைச் சோதிக்கும் பெத்தாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே மேஜையில் பார்த்து முடிவெடுக்கும் கூட்டம் அது. சர்ஜனை மட்டும் பார்த்தால் ஆபரேஷன்தான் முதலில் தோன்றும். அது அவர் குற்றமில்லை. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி., காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை என்று தமிழ்நாட்டில் போக இடங்கள் உண்டு. கூட்டம் இருக்கும். காலையில் டிபன் டப்பாவோடு போய்விடுங்கள்.

இனி மார்பை எடுப்பதா, காப்பாற்றுவதா. வீட்டில் எனக்கு அதிக அழுத்தம் வந்தது இங்கேதான். "முழுசா எடுத்துட்டா நிம்மதி, குழந்தைகளை நினைச்சுப் பாரு" என்று அண்ணி சொன்னார். அவர் மேல் தப்பில்லை, ஊரே அப்படித்தான் நம்புகிறது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வும், மிலானில் உம்பெர்ட்டோ வெரொனேசி அதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிய ஆய்வும் இருபது வருடம் பெண்களைத் தொடர்ந்து பார்த்து, 2002இல் முடிவு சொல்லிவிட்டன: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பை முழுதாக எடுத்தவர்களும் உயிர் வாழ்வதில் வித்தியாசமில்லை. ஆனால் கதிர்வீச்சு இதில் பாதி பங்கு. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வேண்டாமென்று விட்டவர்களில் அதே மார்பில் நோய் திரும்பியது சுமார் 39 சதவீதம் பேருக்கு. கதிர்வீச்சு எடுத்தவர்களில் சுமார் 14. கதிர்வீச்சுக்குப் போய்வர முடியாத சூழ்நிலை, ஒரே மார்பில் பல இடங்களில் பரவிய நோய், அதே இடத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு எடுத்தது, பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் போன்றவை இருந்தால் முழுதாக எடுப்பதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மற்றபடி "எடுத்தால்தான் பிழைப்பாய்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எடுத்துவிட்டாலும் கதிர்வீச்சு தப்பும் என்று உறுதியில்லை: அக்குளில் நாலு நெறியிலோ அதற்கு மேலோ நோய் இருந்தால், கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் அப்போதும் கொடுப்பார்கள்.

கீமோ முதலில் என்பது பலருக்குக் கேட்கவே வயிற்றைக் கலக்கும். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு மருந்து ஏற்றுவதா? ஹெர்-2 பாசிட்டிவ், ட்ரிபிள் நெகட்டிவ் (ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ்) இரண்டு வகையிலும் கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ அக்குளில் நோய் இருந்தாலோ இதுதான் நல்ல வழி. மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், கட்டி சுருங்கினால் மார்பைக் காப்பாற்றலாம். ஆபரேஷனில் நோய் மிச்சமிருந்தது தெரிந்தால் அடுத்த மருந்தை மாற்றலாம். ஹெர்-2 வகைக்கு டி.டி.எம்.1 என்ற மருந்துக்கு மாறுவது அப்படித்தான். கட்டியை முதலிலேயே வெட்டிவிட்டால் இந்தத் தகவல் எதுவும் கிடைக்காது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: முதல் கீமோவுக்கு முன்பே, இல்லாவிட்டால் ஒன்றிரண்டு தவணைக்குள், கட்டிக்குள் சின்ன உலோக கிளிப் வைத்துவிட வேண்டும். மருந்தில் கட்டி கரைந்து காணாமல் போனால் சர்ஜன் எதைப் பார்த்து வெட்டுவார்? அக்குள் நெறியில் நோய் இருந்தால் அதற்கும் கிளிப் உண்டா என்று கேளுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர்கள் கருமுட்டை சேமிப்பதைப் பற்றிப் பேச வேண்டியதும் கீமோவுக்கு முன்னால்தான். இரண்டு வாரம் போல ஆகும்.

கீமோ நாட்களைப் பற்றி எல்லோரும் எழுதுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கை ரத்தக்குழாய் கெடாமலிருக்க, மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் போர்ட் வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றுபவர்களுக்கு முந்தின நாளே டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஆரம்பிக்கச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டுப் போனால் ஒவ்வாமை வரலாம், அன்றைக்கு மருந்து ஏற்றாமலே திருப்பி அனுப்பவும் செய்வார்கள். வெள்ளையணுவைக் கூட்டும் ஊசி, கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான். வீட்டில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். 100.4 டிகிரி காட்டினால் டோலோ போட்டுப் படுத்துவிடாதீர்கள், நடுராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும். வெள்ளையணு இறங்கியிருக்கும்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

ட்ராஸ்டுசுமாப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கரைவது இங்கேதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம். உடல் எடையில் கிலோவுக்கு முதல் தடவை 8 மி.கி., பிறகு ஒவ்வொரு தடவையும் 6 மி.கி. நம் நாட்டில் பரவலாக விற்பது 440 மி.கி. குப்பி. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணை 480 மி.கி. வேண்டும்; அதாவது ஒரு முழுக் குப்பியும் இரண்டாவதில் வெறும் 40 மி.கி.யும். மீதி 400 என்ன ஆகிறது? குப்பியோடு வரும் கரைப்பான், கிருமி வளராமல் தடுக்கும் பாக்டீரியோஸ்டாடிக் தண்ணீராக இருந்தால், அதில் கரைத்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வைக்கலாம். அடுத்த தவணை 21ஆம் நாள், அதற்கு வேண்டியது 360. இரண்டாவது தவணைக்குப் புதுக் குப்பியே வாங்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கணக்கு. சாதாரண ஸ்டெரைல் தண்ணீரில் கரைத்துவிட்டால் மீதி சாக்கடைக்குத்தான். அதனால் கரைக்கும் முன்பே கீமோ வார்டு சிஸ்டரிடமும் ஃபார்மஸியிலும் பேசி, மீதியைப் பெயரும் தேதியும் எழுதி ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜிலேயே வைக்க முடியுமா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிருமி பயம் நியாயமானது. வீட்டு ஃபிரிட்ஜில், கரண்ட் போய் வரும் ஊரில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்தைக் குலுக்கக் கூடாது, உறையவிடக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது, சலைன்தான். டி.டி.எம்.1 மருந்தின் பெயரிலும் ட்ராஸ்டுசுமாப் என்று வரும், அளவு வேறு. பையில் ஒட்டிய லேபிளைக் கூட இருப்பவர் ஒருமுறை படித்துவிடட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

விலை. மூல மருந்தைப் போலவே செய்த இந்தியக் கம்பெனிகளின் பயோசிமிலர் 2014 முதலே கிடைக்கிறது; டாக்டர் சரியென்றால் தயங்க வேண்டாம். அட்டையில் அச்சிட்ட விலையை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி ஃபார்மஸியில் சொன்ன விலைக்கும் வெளியே மொத்த விற்பனைக் கடையில் சொன்ன விலைக்கும் நான் பார்த்த வித்தியாசம் பாதிக்கு மேல். முதல் இரண்டு குப்பியிலேயே ஒரு பவுன் நகைக்கான பணம் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை. மத்திய அரசின் அம்ரித் ஃபார்மஸியிலும் விசாரியுங்கள். வெளியே வாங்கினால் பில், பேட்ச் நம்பர், ஐஸ் பெட்டி மூன்றும் முக்கியம். பில் இல்லாத சலுகை விலை வேண்டவே வேண்டாம்.

ஆபரேஷனில் அக்குளை எவ்வளவு தொடுகிறார்கள் என்பதுதான் பின்னாளில் கை எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்யும். சோதனையில் நெறி சுத்தமாகத் தெரிந்தால் சென்டினல் முறையில், நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய ஓரிரு நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அந்த நெறியைக் கண்டுபிடிக்க நீல மருந்து போட்டிருந்தால் மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாக வரும், பதற வேண்டாம். அக்குளை முழுதாகச் சுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. சென்டினலில் அது வெகு குறைவு. இன்னொன்று, செலவே இல்லாதது: கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடம் முன்பு அதைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசி போடுவது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியின் ராஜேந்திர பட்வே குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் போட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்து, உயிர் பிழைப்பதும் கூடியிருந்தது. கீமோ முதலில் எடுக்காமல் நேரடியாக ஆபரேஷனுக்குப் போனவர்களிடம் செய்த ஆய்வு அது. உங்களுக்குப் பொருந்துமா என்று சர்ஜனிடம் கேட்டுப் பாருங்கள். வடிகுழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள்; தொடர்ந்து இரண்டு நாள் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் எடுத்துவிடுவார்கள். கைப் பயிற்சியை வலிக்குப் பயந்து விட்டால் தோள் இறுகி, ரேடியேஷன் மேஜையில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தவிக்க நேரிடும்.

ரேடியேஷன், நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது. முன்பு ஐந்து வாரம், 25 தடவை என்பது வழக்கம். இப்போது 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 15 தடவையில், மூன்று வாரத்தில் முடிப்பது சாதாரணம். 2020இல் வந்த பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு சிலருக்கு 26 கிரே, ஐந்தே தடவை, ஒரு வாரத்தில் முடிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்குபவர்களுக்கு இது பெரிய பணம். "எனக்கு எத்தனை தடவை, ஏன் அத்தனை?" என்று கேட்கலாம். இடது மார்பு என்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் முறை இருக்கிறதா என்றும் கேளுங்கள், இதயத்துக்கு நல்லது.

ஹார்மோன் பாசிட்டிவ் வகையினருக்கு மாத்திரைதான் நெடுந்தூரத் துணை. டாமாக்சிஃபென் 20 மி.கி., ஐந்து முதல் பத்து வருடம், விலை மிகக் குறைவு. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவை. அதற்கு எலும்பு அடர்த்தி சோதனை வேண்டும். மாதவிடாய் நிற்காதவருக்கு லெட்ரோசோலைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர வேண்டும். டாமாக்சிஃபென் சாப்பிடும்போது மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் எழுதினால் கேன்சர் டாக்டரிடம் காட்டுங்கள். அவை மருந்தின் வேலையைக் குறைக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தால் உடனே காட்ட வேண்டும்.

பணத்துக்கான காகிதங்களைச் சிகிச்சை தொடங்கும் முன்பே தயார் செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். முன் அனுமதி வாங்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தனியார் பாலிசி என்றால் அட்மிஷனுக்கு முந்தைய பயாப்ஸி, ஸ்கேன் பில்களையும் கேட்டு வாங்கலாம், பெரும்பாலும் 30 நாள் முன்பு வரை. பில்லோடு டாக்டர் சீட்டும் இணைந்திருக்க வேண்டும். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூட வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 80டிடிபி என்று அறியப்படும், சிகிச்சைச் செலவுக்கான பிரிவில் 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை கழிவு உண்டு. அதற்கான மருத்துவச் சீட்டைக் கேன்சர் டாக்டரிடம் சிகிச்சை நடக்கும்போதே வாங்கிவிடுங்கள். மார்ச் மாதம் ஓ.பி. கூட்டத்தில் கையெழுத்துக்காக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.